பரோக் சீசன் போடுவது எப்படி? நான்கு நிகழ்ச்சி, ஒரே சுருதி

கேட்கப்பட்டது சுருக்கமாக: இங்கிலாந்தில் ஒரு நடுத்தர நகரம். பரோக் காலத்து (ஐரோப்பாவில் சுமார் 1600–1750) பழைய வாத்தியங்களில் வாசிக்கும் 20 பேர் இசைக்குழு, கூடவே 18 பேர் பாடகர் குழு. இடம் ஒரு தேவாலயம். அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை நான்கு நிகழ்ச்சி. இசை இயக்குநர் கொடுத்திருக்கும் பட்டியல்: மான்டெவெர்டியின் 1610 வெஸ்பர்ஸ் (மாலை வழிபாட்டு இசை), ஹாண்டலின் மெசையா, பாக்கின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள் ஆறும், பாக்கின் மத்தேயு பாஷன் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசைப் படைப்பு). இது கட்டுப்படியாகுமா, எங்கே கை வைக்கலாம், சீசன் சந்தா விற்கலாமா?

கட்டுப்படியாகாது. பட்டியலில் உள்ள நான்குமே அருமையான படைப்புகள், அதில் பேச்சே இல்லை. ஆனால் நான்குக்கும் நான்கு விதமான ஆட்கள் வேண்டும். பரோக் சீசனில் செலவைத் தீர்மானிப்பது படைப்பின் நீளமோ புகழோ அல்ல. உங்களிடம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேல் எத்தனை பேரைப் புதிதாக அழைக்க வேண்டும், அவர்கள் எந்தச் சுருதியில் வாசிப்பவர்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. ரசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் 20 பேர். இந்த அளவுக் குழுவில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முதல் வயலின் 4, இரண்டாம் வயலின் 4, வயோலா 2, செல்லோ 2, டபுள்பாஸ் 1, ஓபோ 2, பசூன் 1, மரப் புல்லாங்குழல் 1, பிறகு ஹார்ப்சிகார்டு (தந்திகளை மீட்டி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்), சிறிய ஆர்கன், தியோர்போ (நீண்ட கழுத்துள்ள லூட்) ஆளுக்கு ஒன்று. கணக்கை இங்கிருந்து போடுங்கள்.

வெஸ்பர்ஸுக்கு 3 கார்னெட்டோ (மரத்தாலான வளைந்த ஊதுவாத்தியம்), 3 பழைய டிராம்போன். இந்த ஆறு பேரும் மற்ற மூன்று நிகழ்ச்சிகளில் எதற்கும் உதவ மாட்டார்கள். பிராண்டன்பர்க் ஆறும் என்றால் 2 ஹார்ன், 1 டிரம்பெட், மூன்றாவது ஓபோ ஒன்று, 2 காம்பா (முழங்கால்களுக்கு இடையே வைத்து வில்லால் வாசிப்பது), இன்னொரு ரெக்கார்டர். இதில் ஹார்ன்காரர்கள் இருவரும் முதல் கான்செர்ட்டோவில் சுமார் 20 நிமிடம் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். டிரம்பெட்காரர் இரண்டாம் கான்செர்ட்டோவில் மட்டும் வருவார். அதிலும் நடு இயக்கத்தில் (நடுப் பகுதியில்) அவருக்கு வேலை கிடையாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கும் குறைவான பகுதியை வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர்தான், அவர்கள் சும்மா வருவதில்லை.

மத்தேயு பாஷன் இரண்டு இசைக்குழு, இரண்டு பாடகர் குழு என்று பிரித்தே எழுதப்பட்டது. கம்பி வாத்தியங்களை எவ்வளவு சிக்கனமாக வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு 7 பேர், இரண்டு பக்கத்துக்கு 14. அதற்கு மேல் 4 குழல், 4 ஓபோ, 2 ஆர்கன், 1 காம்பா, 1 பசூன். மொத்தம் 26. உங்கள் 18 பாடகர்களைப் பக்கத்துக்கு 9 பேராகப் பிரித்துவிட்டு, முதல் கோரஸின் மேலே மிதந்து வரும் அந்தத் தனி சொப்ரானோ வரிக்கு வேறு ஆளும் தேட வேண்டும். இப்படி நான்கையும் கூட்டினால் புதிதாக அழைக்க வேண்டியவர்கள் இருபதுக்கு மேல் வருகிறார்கள். உங்கள் குழுவே இருபது பேர்தான்.

மாற்றுப் பட்டியல் ஒன்று சொல்கிறேன். அக்டோபரில் கம்பி வாத்தியங்களும் பாடகர் குழுவும் மட்டும்: கொரெல்லி, ஹாண்டல் கான்செர்ட்டோ குரோசோக்கள் (சிறு குழுவும் முழுக் குழுவும் மாறி மாறி வாசிப்பவை), ஹாண்டலின் டிக்சிட் டாமினுஸ். டிசம்பரில் மெசையா. பிப்ரவரியில் பாடகர்கள் இல்லாமல் பிராண்டன்பர்க் 3, 5, 6, கூடவே பாக்கின் இரண்டாம் ஆர்கெஸ்ட்ரா சூட். ஈஸ்டருக்கு முன் மத்தேயுவுக்குப் பதிலாக யோவான் பாஷன். புதிதாக அழைக்க வேண்டியவர்கள்: அக்டோபரில் யாரும் இல்லை, டிசம்பரில் 2 டிரம்பெட்டும் டிம்பனியும் (சுருதி சேர்க்கும் பெரிய முரசு), பிப்ரவரியில் 2 காம்பா, ஈஸ்டருக்கு 1 குழலும் 1 காம்பாவும். ஆகமொத்தம் 7. நான்கும் ஒரே சுருதியில், 415இல்.

அந்த 415ஐப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பணம் வெளியே தெரியாமல் ஒழுகுவது அங்கேதான்.

இன்றைய பொது வழக்கில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். ஜெர்மானிய, ஆங்கிலேய பரோக் இசைக்கு இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பது 415, அதாவது அரை ஸ்வரம் கீழே. பிரெஞ்சு இசைக்கு 392, மான்டெவெர்டி காலத்து இத்தாலிய இசைக்கு 440 அல்லது 466 என்று வைப்பார்கள். வயலின்காரர் முறுக்காணியைத் திருகி ஓரளவு சமாளித்துவிடுவார், குடல் தந்தி அடங்க ஒருநாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஓபோவிலும் பசூனிலும் அது நடக்காது. குழாயின் நீளமும் துளைகளின் இடமும் ஒரு சுருதிக்கென்று கடையப்பட்டவை, வேறு சுருதி என்றால் வேறு வாத்தியம். அதை வைத்திருக்கும் கலைஞர் வேறொருவராகவும் இருக்கலாம். ஆகவே ஒரே சீசனில் 392ம் 415ம் 466ம் கலந்து போடுவது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும் ஆடம்பரம்.

ஹார்ப்சிகார்டுகளில் விசைப்பலகையை ஒரு தந்தி இடத்துக்கு நகர்த்தி 415க்கும் 440க்கும் மாற்றும் வசதி உண்டு. பார்த்ததும் பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். தீரவில்லை. பரோக் குழுக்கள் சம இடைவெளியில் சுருதி சேர்ப்பதில்லை. வல்லோட்டி போன்ற சமனில்லாத முறையில்தான் சேர்ப்பார்கள், அதில் சி, ஜி, டி போன்றவற்றை அடிப்படையாகக் கொண்ட ஸ்வர அமைப்புகள் இனிமையாகவும், கூடுதல் ஷார்ப், ஃபிளாட் உள்ளவை கொஞ்சம் கரகரப்பாகவும் ஒலிக்கும். பலகையை நகர்த்தியதும் இந்த இனிமை முழுவதும் அரை ஸ்வரம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பு சி ஷார்ப்பாக இருந்த தந்தி இப்போது சி. எனவே முழுவதும் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும். 61 விசை, இரண்டு எட்டடி வரிசை (வழக்கமான உயரத்தில் ஒலிக்கும் தந்திகள்), ஒரு நாலடி வரிசை (ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பவை) உள்ள வாத்தியத்தில் 183 தந்திகள். பழகிய கைக்கும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் அரங்கில் யாரும் நாற்காலி இழுக்காமல் இருந்தால். ஒத்திகை நேரத் தாளில் இந்த ஒரு மணி நேரத்தைத் தனி வரியாக எழுதுங்கள். விளக்குக்காரர்களும் நாற்காலி போடுபவர்களும் அந்த நேரத்தில் உள்ளே வரக்கூடாது.

அடுத்தது குளிர். டிசம்பர் தேவாலயத்தில் எல்லோரும் அடிபடும் இடம் இது. ஆர்கன் குழலின் சுருதி வெப்பநிலையோடு ஏறி இறங்கும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). 20 டிகிரியில் 415க்குச் சேர்த்த பெட்டி ஆர்கனை 12 டிகிரி தேவாலயத்தில் வைத்தால் 24 சென்ட் இறங்கி 409 பக்கம் நிற்கும். ஹார்ப்சிகார்டின் உலோகத் தந்தியோ நேர்மாறு: குளிரில் சுருங்கி மேலே ஏறும், சூடு பட்டால் தளர்ந்து இறங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மதியம் ஹீட்டர் இல்லாமல் ஒத்திகை பார்த்துவிட்டு, மாலை 400 பேர் உடல்சூட்டில் நிகழ்ச்சி நடத்தினால், இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்கும். நடுவில் ஓபோக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு வாசிப்பார்கள்.

இதற்கு வழி எளிதுதான், செய்யத்தான் ஆள் இருப்பதில்லை. நிகழ்ச்சி நாளன்று காலையிலேயே வெப்பமூட்டியைப் போட்டு, மாலையில் இருக்கப்போகும் வெப்பநிலைக்குக் கூடத்தைக் கொண்டுவந்துவிடுங்கள். மேடை விளக்குகளையும் நிகழ்ச்சி அளவுக்கு எரியவிடுங்கள். ஆர்கன் எங்கே நிற்கிறதோ அந்தச் சுருதிக்கு ஹார்ப்சிகார்டைச் சேருங்கள். ஒருபோதும் தலைகீழாகச் செய்யாதீர்கள்: அடைப்புள்ள மரக்குழல்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்க்க இடைவேளை போதாது. சூடான காற்றை ஊதும் ஹீட்டர் ஹார்ப்சிகார்டின் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது நேராக அதன் மேல்தான் ஊதிக்கொண்டிருக்கும்.

பாடகர்களுக்கும் சுருதி விஷயத்தில் ஒரு வேலை உண்டு. வாராந்தர ஒத்திகையைப் பியானோவில் 440இல் நடத்திவிட்டு, கடைசி வாரம் இசைக்குழுவோடு 415க்கு இறங்கினால் குரல் மாறும் இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும், ஆல்டோக்கள் அடியில் மாட்டிக்கொள்வார்கள். ஸ்வரத்தைக் கேட்டதும் பெயர் சொல்லக்கூடியவர்கள் படும் பாடு தனி. டிஜிட்டல் பியானோவில் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்று குறைத்து வைத்து, முதல் நாளிலிருந்தே 415இல் பாடவையுங்கள்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். அக்டோபர் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். டிக்சிட் டாமினுஸ் ஹாண்டல் 22 வயதில், 1707இல் ரோமில் எழுதியது. 30 நிமிடத்தை ஒட்டிய படைப்பு, ஆனால் பாடகர் குழுவை மெசையாவைவிட அதிகமாக வேலை வாங்கும். இரண்டு சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று ஐந்து குரல் வரி. 18 பேரை 5-4-4-5 என்று வைத்திருந்தால் சொப்ரானோக்கள் 3ம் 2மாகப் பிரிந்து இரண்டாம் வரி காணாமல் போய்விடும். 6-4-4-4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வயோலாவிலும் இரண்டு வரி. வரிக்கு ஒருவர் என்றால் மெலிந்து கேட்கும். வயோலாவும் கையாளத் தெரிந்த ஒரு வயலின்காரரை நகர்த்திவிட்டால் சரியாகும், பரோக் வயலின்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். முன்பாதிக்கு ஹாண்டலின் ஓபஸ் 6 என்ற கான்செர்ட்டோ குரோசோ தொகுப்பிலிருந்து இரண்டு. பன்னிரண்டையும் அவர் 1739 செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து அக்டோபருக்குள் முடித்துவிட்டார், அவசரம் எங்கும் தெரியாது. கொரெல்லி ஓபஸ் 6இலிருந்து ஒன்று போட்டால் ஹாண்டல் யாரிடம் கற்றார் என்பதும் காதில் விழும்.

மெசையா டிசம்பருக்கு உரியது என்பது பின்னால் வந்த பழக்கம். முதல் நிகழ்ச்சி 1742 ஏப்ரல் 13, டப்ளினில், ஈஸ்டருக்குச் சில நாள் முன்பு நடந்தது. லண்டனில் ஹாண்டல் அதைத் தவக்காலத்தை ஒட்டித்தான் நடத்தினார். அந்த நாட்களில் நாடகமேடை ஓபராவுக்குத் தடை, ஆகவே மேடையும் பாடகர்களும் ரசிகர்களும் கைக்கு எட்டும் நிலையில் இருந்தார்கள். இன்று டிசம்பரில் போடுவதற்குக் காரணம் டிக்கெட் விற்கும் என்பதுதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிறு குழுக்களில் பாஷனின் செலவில் ஒரு பங்கை மெசையாதான் தாங்குகிறது.

உங்கள் ஊரில் ஏற்கெனவே மூன்று குழுக்கள் மெசையா போடுகின்றன என்றால் மட்டும் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவுக்குப் போங்கள். அப்போதும் ஆறு பகுதிகளையும் போடாதீர்கள். 1734 டிசம்பர் 25 முதல் 1735 ஜனவரி 6 வரை ஆறு நாட்களுக்கென்று பாக் எழுதியவை அவை, ஆள் கணக்கும் பகுதிக்குப் பகுதி மாறும். இரண்டாம் பகுதிக்கு 4 ஓபோக்காரர்கள் வேண்டும், இருவர் ஓபோ தமோரே, இருவர் ஓபோ ட காச்சா (இரண்டும் ஓபோவைவிடத் தாழ்ந்த குரலுள்ளவை). நான்காம் பகுதிக்கு 2 ஹார்ன், அவை வேறெங்கும் வராது. 1, 3, 5, 6 என்று எடுத்தால் 2 ஓபோ, 2 குழல், 3 டிரம்பெட், டிம்பனியோடு ஒரு மாலை நிறைந்துவிடும், சுமார் 100 நிமிடம்.

மெசையாவில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பதிப்பு என்பதை. ஆங்கிலேயப் பாடகர் வீடுகளில் நோவெல்லோ பதிப்பு பரம்பரைச் சொத்து மாதிரி இருக்கும். இசைக்குழுவுக்கு வாடகைக்கு வருவது பெரன்ரைட்டராக இருக்கலாம். இரண்டிலும் எண்கள் வேறு: அல்லேலூயா நோவெல்லோவில் 44, பெரன்ரைட்டரில் 39. ‘வொர்தி இஸ் தி லாம்’ அதில் 53, இதில் 47. நடத்துனர் எண்ணைச் சொன்னதும் பாதிப் பேர் ஒரு பக்கத்தையும் மீதிப் பேர் வேறு பக்கத்தையும் திறப்பார்கள். 3 மணி நேர ஒத்திகையில் கால்மணி இதற்கே போகும். ஒரே பதிப்புதான் என்று சொல்ல முடியாவிட்டால், இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் போட்ட ஒரு தாளை எல்லோர் பிரதியிலும் ஒட்டிவிடுங்கள்.

தனிப்பாடகர்களை ஒப்பந்தம் செய்வதற்கு முன் எந்த வடிவம் என்பதையும் முடிவு செய்யுங்கள். ‘பட் ஹூ மே அபைட்’ 1750இல் குவாதாஞி என்ற பாடகருக்காக ஆல்டோவுக்கு மாற்றி எழுதப்பட்டது, பாஸுக்கும் சொப்ரானோவுக்கும் கூட வடிவங்கள் புழக்கத்தில் உண்டு. ‘ரிஜாய்ஸ் கிரேட்லி’ 4/4 தாளத்திலும் உண்டு, 12/8 தாளத்திலும் உண்டு. பாடகர் ஒன்றைப் பாடம் செய்துகொண்டு வந்து, இசைக்குழுவின் மேசையில் மற்றொன்று இருந்தால் அன்று ஒன்றும் செய்ய முடியாது.

டிரம்பெட்காரர்கள் மெசையாவில் மிகக் குறைவாக வாசித்து மிக அதிகமாகக் கவலைப்படுபவர்கள். முதல் பாகத்தில் ‘குளோரி டு காட்’, இரண்டாம் பாகக் கடைசியில் அல்லேலூயா, மூன்றாம் பாகத்தில் ‘தி டிரம்பெட் ஷால் சவுண்ட்’, முடிவுக் கோரஸ். இடையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிக் குளிரில் சும்மா உட்கார வைத்தால் உலோகமும் உதடும் ஆறிவிடும், வாத்தியம் கீழிறங்கும், அல்லேலூயாவின் முதல் ஸ்வரமே பிசகும். டி சுருதி டிரம்பெட் 2 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள வெறும் குழாய், வால்வு கிடையாது, எல்லா ஸ்வரத்தையும் உதட்டாலேயே பிடிக்க வேண்டும். அதன் இயற்கைத் தொடரில் 11ஆவது ஸ்வரம் ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் விழும், 13ஆவது பி கொஞ்சம் தாழும். இதைச் சமாளிக்க இன்று பலரும் துளையிட்ட குழாயை வாசிக்கிறார்கள். அந்தத் துளை 20ஆம் நூற்றாண்டுச் சமரசம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். முதல் சீசன் நடத்தும் குழு அதைப் பற்றிக் கவலைப்படாமல் துளையுள்ளதையே கேட்டு வாங்கலாம்.

‘குளோரி டு காட்’டுக்கு ஹாண்டல் தன் கைப்பிரதியில் டிரம்பெட் தூரத்திலிருந்து, கொஞ்சம் தணிந்து ஒலிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: பக்க அறைக் கதவைத் திறந்துவைத்து உள்ளிருந்தே வாசிக்கச் சொல்லுங்கள். அறை சூடாக இருக்கும், எழுதியவர் கேட்டதும் கிடைக்கும். அல்லேலூயாவுக்கு இரண்டு உருப்படி முன்னால் மேடைக்கு வந்தால் போதும். டிம்பனிக்கு அல்லேலூயாவும் முடிவுக் கோரஸும்தான். கன்றுத்தோல் போர்த்தியது என்றால் ஈரப்பதத்தில் தோல் தளர்ந்து ஏ ஸ்வரம் நழுவும். அவரும் இடைவேளையில் வந்து ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடகர் குழு 18தான் இருக்கிறதே, மெசையாவுக்குப் போதுமா என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தில் 1754இல் நடந்த மெசையாவின் கணக்கு எஞ்சியிருக்கிறது: 14 வயலின், 6 வயோலா, 3 செல்லோ, 2 டபுள்பாஸ், 4 ஓபோ, 4 பசூன், 2 ஹார்ன், 2 டிரம்பெட், டிம்பனி. பாடியவர்கள் தனிப்பாடகர்களையும் சேர்த்து இருபத்துச் சொச்சம். வாசித்தவர்களைவிடப் பாடியவர்கள் குறைவு. பாக் 1730இல் லைப்சிக் நகராட்சிக்கு எழுதிய மனுவிலும் குரலுக்கு 3 பேர் கட்டாயம், 4 பேர் இருந்தால் நல்லது என்றுதான் கேட்கிறார், அதாவது 12 அல்லது 16. நூற்றுக்கணக்கில் பாடும் பழக்கம் 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 500க்கும் மேற்பட்டோரைத் திரட்டிய ஹாண்டல் நினைவு விழாவிலிருந்து பெருகியது. உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கம்தான். ‘இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும்’ என்று ஊர்ப் பாடகர்கள் 60 பேரைச் சேர்த்துக்கொண்டால், குடல் தந்தி கட்டிய 8 வயலின்களும் படத்தில் மட்டும் தெரியும்.

எதிரொலி 3 விநாடியைத் தாண்டும் தேவாலயத்தில் ‘ஹிஸ் யோக் இஸ் ஈசி’ போன்ற வேகமான ஓட்டங்கள் கஞ்சியாகிவிடும். வேகத்தைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு நான்கு ஸ்வரக் கொத்திலும் முதலாவதைத் தொட்டு மற்ற மூன்றையும் லேசாக விடச் சொல்லுங்கள். பாஸ்களுக்கு இதை இரட்டிப்பாகச் சொல்லுங்கள்.

மூன்று ஒத்திகை, ஒவ்வொன்றும் 3 மணி நேரம், நிகழ்ச்சியன்று 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதலாவதில் கம்பி வாத்தியங்களும் தனிப்பாடகர்களும். இரண்டாவதில் பாடகர் குழுவும் ஓபோக்களும் சேரட்டும். டிரம்பெட்டும் டிம்பனியும் மூன்றாவதின் முதல் ஒன்றரை மணிக்கு மட்டும், அவர்கள் வரும் உருப்படிகளை முதலில் முடித்து அனுப்பிவிடுங்கள். வரிசைப்படி ஒத்திகை பார்க்கும் நடத்துனரிடம் இதைச் சண்டை போட்டாவது வாங்குங்கள். வில்லை எங்கே மேலே, எங்கே கீழே இழுப்பது என்ற வில் குறிகள் மூன்று வாரம் முன்பே முதல் வயலின்காரரிடமிருந்து எல்லாப் பிரதிக்கும் ஏறியிருக்க வேண்டும். வாடகைப் பிரதியில் முந்தைய குழுவின் குறிகள் மேலும் கீழும் அடர்ந்திருக்கும், அழிக்கவே ஒரு மாலை போகும். அடிக்கடி வரும் மெசையா, கொரெல்லி, ஓபஸ் 6 ஆகியவற்றுக்கு மட்டுமாவது சொந்தப் பிரதி வாங்கிவிடுவது லாபம்.

பிப்ரவரி நிகழ்ச்சியில் பாடகர்களுக்கு இடம் தரவில்லை என்று வருத்தப்படுவார்கள். அந்த ஆறு வாரமும் யோவான் பாஷனுக்கு வேண்டும், அதனால்தான் தரவில்லை. பிராண்டன்பர்க் 3, 5, 6 மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 50 நிமிடம். ஐந்தாவதில் வரும் குழல் கலைஞரே இரண்டாம் சூட்டையும் வாசிப்பார், அது 20 நிமிடம். மூன்றாவதில் 3 வயோலா, 3 செல்லோ வேண்டும். வயோலாவுக்கு மறுபடியும் அந்த வயலின்காரர், செல்லோவுக்குக் காம்பாக்காரர்களில் செல்லோவும் வாசிக்கும் ஒருவர். ஆறாவதில் வயலினே கிடையாது, 7 பேர் போதும்.

வரிசையில் ஒரே ஒரு நுட்பம்: ஐந்தாவதை இடைவேளை முடிந்ததும் முதலில் வையுங்கள். அதில் ஹார்ப்சிகார்டு தனி வாத்தியம், முதல் இயக்கத்தின் இறுதியில் 65 தாள அளவுகள் (bars) தனியாகவே ஓடும். அதை மேடை முன்னால் கொண்டுவர வேண்டும், மூடியின் திறப்பு ரசிகர் பக்கம் பார்க்க வேண்டும், நகர்த்தினால் சுருதி அசையும். இடைவேளையில் நகர்த்தி அங்கேயே சேர்த்துவிட்டால் எல்லாம் ஒன்றாக முடியும். மூன்றாவதின் நடு இயக்கம், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் வெறும் இரண்டு கூட்டொலிகள் (chords). அதை அப்படியே விடுவதா, முதல் வயலினோ ஹார்ப்சிகார்டோ கொஞ்சம் கற்பனையாக வாசிப்பதா என்பதை மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

யோவான் பாஷன் 1724 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று லைப்சிக் நிக்கோலாய் தேவாலயத்தில் முதலில் ஒலித்தது. சுமார் 2 மணி நேரம், மத்தேயுவைவிட முக்கால் மணி குறைவு. 18 பேர் பாடகர் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். கூட்டம் கத்தும் கோரஸ்களில் சிறு குழுவின் கூர்மை பெரிய குழுவுக்கு வராது. மத்தேயுவைப் பின்னொரு வருடத்துக்கு வைப்பது நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வயோலா தமோரே (கூடுதல் தந்திகள் உள்ள பழைய வயோலா) கேட்கும் இடத்தில், பாக்கே பிந்தைய நிகழ்ச்சிகளில் செய்தது போல, அடக்கி பூட்டிய வயலின்களை வைத்துக்கொள்ளலாம். ‘எஸ் இஸ்ட் ஃபோல்பிராக்ட்’ ஆரியாவுக்குக் காம்பா கட்டாயம், செல்லோவில் ஒப்பேற்றாதீர்கள். பிப்ரவரியில் வந்த இருவரில் ஒருவரை அப்போதே இதற்கும் சேர்த்து ஒப்பந்தம் செய்யுங்கள்.

கதையைச் சொல்லிச் செல்லும் நற்செய்தியாளர் பகுதியைப் பாடும் டெனரை எல்லோருக்கும் முன்னால் பிடியுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஐரோப்பா முழுவதும் அவர்களைத்தான் தேடும். நெதர்லாந்தில் மட்டுமே அந்த வாரங்களில் எண்ணற்ற பாஷன்கள் நடக்கும், நார்டன் நகரில் பாக் சங்கம் 1922 முதல் மத்தேயுவைப் பாடிவருகிறது. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கும் விழலாம். 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. ஆகவே போன வருடத் தேதியை நகலெடுத்து அட்டவணை போடக்கூடாது. 2027இல் பிப்ரவரி நிகழ்ச்சியை மாதக் கடைசிக்குத் தள்ளினால் பாஷனுக்கு நான்கு வாரம்கூட மிஞ்சாது, மாத முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

சந்தா பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹாண்டல் 1744–45 சீசனுக்கு 24 நிகழ்ச்சிகள் என்று சந்தா வாங்கி 16தான் நடத்த முடிந்தது, 1747 முதல் சந்தாவையே விட்டுவிட்டு அன்றன்று டிக்கெட் விற்றார், அதில்தான் பணம் பார்த்தார். நான்கு நிகழ்ச்சி நடத்தும் குழு முழுச் சந்தாவையும் தனி டிக்கெட்டையும் ஒன்றாக விற்கலாம், ஆனால் மெசையாவின் நல்ல இருக்கைகள் எல்லாவற்றையும் சந்தாவில் தள்ளுபடி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதியையாவது தனி விலைக்கு நிறுத்திவையுங்கள்.

பாடல் வரிகளை அச்சடிக்கும்போது பக்கம் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். நற்செய்தியாளர் இயேசு தலை சாய்த்ததைச் சொல்லும் வரியில் பக்கம் முடிந்தால், 400 தாள் ஒரே நேரத்தில் சரசரக்கும். ஒரு கோரஸின் நடுவில் திரும்பும்படி வரிகளை அமையுங்கள், கொஞ்சம் வெற்றிடம் விட்டாலும் பரவாயில்லை. பாஷனின் இரண்டு பாகங்களுக்கு இடையே பாக் காலத்தில் பிரசங்கம் நடந்தது, இடைவேளையை அங்கேயே வையுங்கள். முதல் பாகம் 35 நிமிடத்தை ஒட்டியே இருப்பதால் ரசிகர்கள் சீக்கிரம் வந்துவிட்டதே என்று நினைப்பார்கள். ஆனாலும் இடைவேளையை 20 நிமிடத்துக்குக் கீழே குறைக்காதீர்கள், ஹார்ப்சிகார்டைச் சேர்க்க அது தேவைப்படும்.